எஃப்பிஎஸ் 60 காட்டியும் கேம் திணறுகிறதா? டிஸ்க்கைப் பாருங்கள்

திரையின் மூலையில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது படம், ஓடுகிறது என்ற எண்) 60 என்றுதான் இருக்கிறது. ஆனால் வண்டியை வேகமாக ஓட்டிக்கொண்டு நகரத்துக்குள் நுழைந்தால் படம் ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு துள்ளி முன்னால் போகிறது. கதவைத் திறந்தால் ஒரு வெட்டு. ஆட்டோசேவ் குறி சுழலும்போது இன்னொரு வெட்டு. கிராஃபிக்ஸ் செட்டிங்கை அடிமட்டத்துக்குக் கொண்டுபோனாலும் அது போவதில்லை.

இப்படித் திணறும்போது பலருடைய சந்தேகமும் முதலில் போவது கிராஃபிக்ஸ் கார்டு மேல்தான். பணத்தைப் போட்டுப் புது கார்டு வாங்கி மாட்டிய பிறகும் அதே தெருமுனையில் அதே வெட்டு வந்தால் எவ்வளவு வெறுப்பாக இருக்கும்! கேம் எந்த டிஸ்க்கில் இருக்கிறது, விண்டோஸ் எந்த டிஸ்க்கில் இருக்கிறது, விளையாடும் நேரத்தில் அந்த டிஸ்க்கிடம் வேறு எதெல்லாம் வேலை வாங்குகிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். செலவே இல்லாமல் தீர்ந்துபோகிற திணறல்கள் நிறைய உண்டு.

60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேமை முடிக்கக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி செகண்ட். கவுன்டரில் தெரியும் எண்ணோ சராசரிக் கணக்கு. ஒரு நொடியில் ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் 100 மில்லி செகண்ட் எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். மிச்சமுள்ள 900 மில்லி செகண்டில் 54 ஃபிரேம் ஓடிவிடும். கவுன்டர் 55 என்று காட்டும். பார்த்தால் பெரிய குறையாகவே தெரியாது. கண்ணுக்கோ அந்த ஒரு ஃபிரேம் நின்றது அப்பட்டமாகத் தெரியும். அதனால் திணறலை ஆராயும்போது எஃப்பிஎஸ் எண்ணை விட்டுவிட்டு ஃபிரேம் டைம் வரைபடத்தைப் பாருங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளே அதைத் திரையில் கோடாகக் காட்டும். கோடு சமதளமாகப் போய்க்கொண்டிருந்து திடீரென்று ஊசிபோல் எழும்பினால், அந்த இடம்தான் வெட்டு.

டிஸ்க் எங்கே குறுக்கே வருகிறது?

இன்றைய பெரிய கேம்கள் 100 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கின்றன. அது முழுவதையும் ரேமில் ஏற்ற முடியாது. அதனால் நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் ஏற்றிக்கொண்டு, நீங்கள் நகர நகர அடுத்த பகுதியைத் துண்டு துண்டாக டிஸ்க்கிலிருந்து எடுக்கிறது கேம். சுவரின் டெக்ஸ்சர் (அதன் மேல் ஒட்டும் படம்) ஒரு துண்டு, காலடிச் சத்தம் ஒரு துண்டு, எதிரியின் உருவம் ஒரு துண்டு. ஒவ்வொன்றும் டிஸ்க்கின் வெவ்வேறு மூலையில் கிடக்கலாம். நீங்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் அவை வந்தாக வேண்டும். வரவில்லையென்றால், நன்றாக எழுதப்பட்ட கேம் மங்கலான டெக்ஸ்சரைக் காட்டிச் சமாளிக்கும். கொஞ்ச நேரம் கழித்துச் சுவர் தெளிவாகும். சமாளிக்கத் தெரியாத கேம், துண்டு வரும்வரை காத்துக்கொண்டு நிற்கும். அதோடு சேர்ந்து படமும் நிற்கும்.

ஹார்டு டிஸ்க்கில் இந்தக் காத்திருப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 7200 சுற்று சுழல்கிறது. அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட். வேண்டிய இடம் படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி செகண்டுக்குச் சற்று மேல் ஆகும். அதற்கு முன்னால் அந்த முனை சரியான வட்டத்துக்கு நகர வேண்டும். அதற்கு இன்னொரு 8, 9 மில்லி செகண்ட். மொத்தம் 12, 13 மில்லி செகண்ட் போய்விட்டது, கிடைத்ததோ ஒரே ஒரு துண்டு. ஒரு ஃபிரேமுக்கான நேரமே 16.7 மில்லி செகண்ட்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வேகத்தில் நொடிக்கு 80 துண்டு எடுப்பதே பெரிய பாடு.

டிஸ்க்கின் பெட்டியில் நொடிக்கு 150, 200 எம்பி என்று போட்டிருப்பார்களே, அது பொய்யா? இல்லை. அடுத்தடுத்து வரிசையாகக் கிடக்கும் பெரிய ஃபைலைப் படித்தால் அந்த வேகம் கிடைக்கும். கிடங்கிலிருந்து ஒரே வகை மூட்டையை மொத்தமாக லாரியில் ஏற்றுவது ஒரு வேலை; ஒவ்வொரு சிறு பொருளுக்கும் ஒருமுறை உள்ளே போய்த் தேடி எடுத்துவருவது வேறு வேலை. சிதறிக் கிடக்கும் 4 கேபி துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டால் அதே ஹார்டு டிஸ்க் நொடிக்கு 1 எம்பியைக்கூடத் தொடாது. சிப்பில் தரவை வைக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. சாதாரண எஸ்எஸ்டியே ஒரு துண்டை 0.1 மில்லி செகண்ட் அளவில் கொடுத்துவிடும். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். திணறல் விஷயத்தில் நாம் பார்க்க வேண்டிய எண் இந்தக் காத்திருப்புதான். பெட்டியில் பெரிதாக அச்சடித்த எம்பி கணக்கு அல்ல.

கேம் உருவாக்குபவர்களுக்கு இந்தத் தலைவலி நன்றாகவே தெரியும். பிளேஸ்டேஷன் 5 இயந்திரத்தின் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கிய மார்க் செர்னி 2020 மார்ச்சில் அளித்த விளக்க உரையில் ஒரு தகவலைச் சொன்னார்: பிளேஸ்டேஷன் 4இல் வந்த ஸ்பைடர்மேன் கேமில், தெருவோரத் தபால்பெட்டி போன்ற சில பொருள்களின் தரவு ஹார்டு டிஸ்க்கில் 400 முறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. நகரத்தின் எந்தப் பகுதியை ஏற்றினாலும் அதன் பக்கத்திலேயே ஒரு தபால்பெட்டி இருக்க வேண்டும், முனை வேறெங்கும் ஓடக் கூடாது என்பதற்காக. ஹெல்டைவர்ஸ் 2 கேமின் பிசி பதிப்பும் ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து இதே முறையில் வீங்கி 150 ஜிபியைத் தாண்டியிருந்தது. 2025 இறுதியில் அந்த நகல்களை நீக்கியபோது 23 ஜிபி அளவுக்கு இறங்கிவிட்டது.

2020 நவம்பரில் எஸ்எஸ்டியோடு புதிய தலைமுறை கன்சோல்கள் வந்த பிறகு, இப்படி நகல் எடுத்து வைக்கும் அவசியம் குறைந்துவிட்டது. துண்டு எங்கே கிடந்தாலும் உடனே கிடைக்கும் என்ற நம்பிக்கையிலேயே கேம்கள் எழுதப்படுகின்றன. 2023இல் வந்த ஸ்டார்ஃபீல்டு எஸ்எஸ்டி கட்டாயம் என்றது. சைபர்பங்க் 2077, அதே ஆண்டு 2.0 அப்டேட் வந்தபோது குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டியைச் சேர்த்துவிட்டது. ஆகவே பழைய கேம்கள் ஹார்டு டிஸ்க்கில் நன்றாக ஓடின, புதிது மட்டும் திணறுகிறது என்றால் உங்கள் டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை.

குற்றவாளி டிஸ்க்தானா?

எல்லாத் திணறலும் டிஸ்க்கால் வருவதில்லை. இன்று பிசி கேம்களில் மிக அதிகமாகப் பேசப்படும் திணறல் ஷேடர் கம்பைல் ஆகும்போது வருவது. புது வெடிப்பு, புது மந்திரம், புது ஒளி முதல்முறை திரையில் தோன்றும்போது, அதை வரைவதற்கான சிறு நிரலைக் கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஏற்றபடி அப்போதுதான் தயார் செய்கிறது கணினி. அந்த வேலை பிராசஸருடையது. எவ்வளவு வேகமான எஸ்எஸ்டி போட்டாலும் அது போகாது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. திணறும் இடத்தில் ஒருமுறை ஓடிப் பாருங்கள். உடனே அதே பாதையில் இன்னொரு முறை ஓடுங்கள். இரண்டாம் முறை வழவழவென்று போகும். ஷேடர் என்றாலும் போகும், டிஸ்க் என்றாலும் போகும். ஏனென்றால் ஷேடர் ஏற்கெனவே தயார், டிஸ்க்கிலிருந்து எடுத்த ஃபைல்களும் ரேமில் தங்கியிருக்கின்றன. இப்போது கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மூன்றாம் முறை அதே பாதையில் போங்கள். ரீஸ்டார்ட் செய்ததில் ரேமில் இருந்த ஃபைல்கள் போய்விட்டன; தயாரான ஷேடர்களோ டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன. மறுபடியும் அதே இடத்தில் திணறினால் டிஸ்க் மேல் சந்தேகப்படலாம். திணறவில்லை என்றால் ஷேடர்தான் காரணமாக இருந்திருக்கும். நடுவில் கிராஃபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்துவிடாதீர்கள். அது பழைய ஷேடர்களைச் செல்லாததாக்கிவிடும்.

அப்புறம், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் கேம் இருக்கும் டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஆக்டிவ் டைம் என்று ஒரு சதவீதமும், ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் என்று மில்லி செகண்டில் ஒரு எண்ணும் இருக்கும். கேமை விண்டோவில் ஓடவிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கவனியுங்கள். திணறும் அதே கணத்தில் ஆக்டிவ் டைம் 100ஐத் தொட்டு, ரெஸ்பான்ஸ் டைம் பல பத்துகளுக்கோ நூறுகளுக்கோ ஏறினால் சந்தேகமே வேண்டாம். டிஸ்க் சும்மா இருக்கும்போதே திணறினால், வேறு இடத்தில் தேட வேண்டும். எந்த ஃபைல் இப்படி இழுத்தடிக்கிறது என்று தெரிய வேண்டுமா? விண்டோஸோடு வரும் ரிசோர்ஸ் மானிட்டரில் டிஸ்க் பக்கம் ஒவ்வொரு ஃபைலின் பெயரையும் அதன் ரெஸ்பான்ஸ் டைமையும் வரிசையாகக் காட்டும். நான் யாருக்காவது உதவும்போது முதலில் திறக்கச் சொல்வது இதைத்தான். ஊகம் எல்லாம் அங்கே முடிந்துவிடும்.

எதை எந்த டிஸ்க்கில் வைப்பது

எஸ்எஸ்டி வாங்கிக் கேமை அதில் போட்ட பிறகும் திணறுகிறது என்று சொல்பவர்களிடம் நான் கேட்கும் கேள்வி, விண்டோஸ் எங்கே இருக்கிறது என்பதுதான். பல நேரம் பதில், "பழைய ஹார்டு டிஸ்க்கில்" என்று வரும். கேம் டி டிரைவில் இருந்தாலும், அது தொடும் ஃபைல்கள் எல்லாம் டி டிரைவில் இருப்பதில்லை. சேவ் ஃபைல் பெரும்பாலும் சி டிரைவில், உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் எழுதப்படுகிறது. கிராஃபிக்ஸ் டிரைவரின் ஷேடர் கேச் அதே யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டாவில் இருக்கிறது. ரேம் போதாதபோது பயன்படும் பேஜ் ஃபைலும் வழக்கமாக சி டிரைவில்தான். ஆட்டோசேவ் குறி தெரியும் நேரத்தில் எல்லாம் ஒரு வெட்டு வருகிறதென்றால், சி டிரைவைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

அதனால் ஒரே ஒரு சிறிய எஸ்எஸ்டிதான் கைவசம் என்றால், அதில் விண்டோஸ் முதலில் போகட்டும். மிச்ச இடத்தில் இப்போது விளையாடிக்கொண்டிருக்கும் பெரிய கேம் ஒன்றோ இரண்டோ. முடித்துவிட்டவை, பழைய சிறு கேம்கள், வீடியோக்கள் ஹார்டு டிஸ்க்கில் இருந்துகொள்ளட்டும். ஸ்டீமில் கேமை இடம் மாற்ற மறுபடி டவுன்லோடு செய்ய வேண்டியதில்லை. கேமின் ப்ராப்பர்டீஸில் இன்ஸ்டால்டு ஃபைல்ஸ் பகுதிக்குப் போனால் வேறு டிரைவுக்கு நகர்த்தும் பட்டன் இருக்கிறது.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். சி, டி, ஈ என்று மூன்று டிரைவ் தெரிந்தால் மூன்று டிஸ்க் இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரே ஹார்டு டிஸ்க்கைத்தான் மூன்றாகப் பிரித்திருப்பார்கள். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 0 என்பதற்குப் பக்கத்தில் சி, டி, ஈ மூன்று எழுத்தும் சேர்ந்து இருந்தால் அப்படித்தான். அதில் கேமை சியிலிருந்து டிக்கு மாற்றுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. படிக்கும் முனைகள் எல்லாம் ஒரே கையில் கோத்தவை. விண்டோஸுக்கும் கேமுக்கும் நடுவில் அந்தக் கை இன்னும் தூரமாக ஓடும்.

எந்த எஸ்எஸ்டி வாங்குவது? சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி வரை படிக்கும். அதைவிட வேகமான பிசிஐஇ இணைப்பில் ஓடும் என்விஎம்இ வகையில் மூன்றாம் தலைமுறை 3500 எம்பி, நான்காம் தலைமுறை 7000 எம்பி என்று ஏறிக்கொண்டே போகும். ஆனால் முன்பு சொன்ன சிதறிய சிறு துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டால் சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் இடைவெளி சில மடங்குதான், பத்துப் பதினைந்து மடங்கு இல்லை. ஹார்டு டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் அது பெரிய தாவல். அதற்கு மேல் போவது லோடிங் நேரத்தைக் கொஞ்சம் குறைக்கும், திணறலில் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. 2022இல் பிசிக்கு வந்த டைரக்ட்ஸ்டோரேஜ் என்ற தொழில்நுட்பம் என்விஎம்இயின் வேகத்தை முழுதாகப் பயன்படுத்த உருவானது. அதைப் பயன்படுத்தும் கேம்கள் இன்னும் குறைவு. ஆகவே திணறலைப் போக்க மட்டும் விலை உயர்ந்த ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டியைத் தேடிப் போக வேண்டாம் என்பது என் கருத்து. அந்தக் காசில் அதிகக் கொள்ளளவு வாங்குங்கள். எம்.2 வகை (மதர்போர்டிலேயே செருகும் சிறு அட்டை) வாங்குவதானால் மதர்போர்டு கையேட்டை ஒருமுறை புரட்டிவிடுங்கள். சில எம்.2 செருகிடங்களில் சாட்டா எம்.2 மட்டும்தான் வேலை செய்யும்; சில போர்டுகளில் எம்.2 மாட்டியதும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் அணைந்துவிடும்.

வெளியில் மாட்டும் டிஸ்க்கில் கேம் வைத்திருந்தால், அது எந்த யுஎஸ்பி போர்ட்டில் இருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் நொடிக்கு 40 எம்பியைத் தாண்டாது. உள்ளே எஸ்எஸ்டியே இருந்தாலும் அதே கதிதான்.

சின்னச் சின்ன அமைப்புகள்

கேமும் விண்டோஸும் எஸ்எஸ்டியில், ஹார்டு டிஸ்க் வெறும் வீடியோ வைக்க என்று எல்லாம் சரியாக இருந்தும், எப்போதாவது ஒருமுறை படம் சில நொடிகள் உறைந்து நிற்கிறதா? அந்த நேரம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். பெட்டிக்குள்ளிருந்து மெல்ல ஆரம்பித்து ஏறிக்கொண்டே போகும் ஒரு முனகல் கேட்டால், தூங்கிக்கொண்டிருந்த ஹார்டு டிஸ்க் எழுந்து சுழல ஆரம்பிக்கிறது. விண்டோஸ் பொதுவாக 20 நிமிடம் வேலை இல்லாத டிஸ்க்கை நிறுத்திவிடும். ஏதோ ஒரு மென்பொருள் அதை எட்டிப் பார்த்ததும் அது வேகம் பிடிக்கும்வரை எல்லாம் காத்திருக்க நேர்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் மேம்பட்ட அமைப்புகளுக்குப் போய், ஹார்டு டிஸ்க்கை நிறுத்தும் நேரத்தை 0 என்று போட்டால் நிற்காமல் சுழலும். கேமுக்குத் துளியும் சம்பந்தமில்லாத டிஸ்க் கேமை நிறுத்துகிறது என்று யாருக்கும் முதலில் தோன்றாது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

பின்னணி வேலைகளையும் கவனியுங்கள். இன்னொரு கேம் டவுன்லோடு ஆகிறதா, ஆன்டிவைரஸ் முழு ஸ்கேன் ஓடுகிறதா, சேவ் ஃபோல்டரைக் கிளவுடில் ஏற்றும் செயலி விழித்துக்கொண்டதா? விளையாடும்போது டவுன்லோடை நிறுத்திவைக்க ஸ்டீமில் தனித் தேர்வே உண்டு. விளையாட்டைப் பதிவு செய்பவர்கள் அந்த வீடியோ ஃபைலைக் கேம் இல்லாத டிஸ்க்கில் எழுதச் சொல்லுங்கள். வீடியோ வரிசையாக எழுதப்படுவதால் அதற்கு ஹார்டு டிஸ்க்கே தாராளம்.

ரேம் போதாமல் வரும் திணறல் டிஸ்க் திணறல் போலவே வேஷம் போடும். 8 ஜிபி ரேமில் பெரிய கேமும், இருபது டேப் திறந்த பிரவுசரும் சேர்ந்து ஓடினால், விண்டோஸ் ரேமில் இருப்பதை பேஜ் ஃபைலுக்குத் தள்ளுவதும் திரும்ப எடுப்பதுமாக இருக்கும். ரிசோர்ஸ் மானிட்டரில் பேஜ்ஃபைல் என்ற பெயர் உச்சியில் நின்றால் இதுதான். பிரவுசரை மூடுங்கள், முடிந்தால் ரேமைக் கூட்டுங்கள். பேஜ் ஃபைலையே அணைத்துவிடச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். சில கேம்கள் நடுவில் மூடிக்கொள்ளும். அது எஸ்எஸ்டியில் இருக்கட்டும், அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்.

எஸ்எஸ்டியை விளிம்புவரை நிரப்ப வேண்டாம். 10 முதல் 20 சதவீதம் காலியாக இருந்தால் எழுதும் வேகம் விழாது. டீஃப்ராக், அதாவது சிதறிய துண்டுகளைச் சேர்த்து அடுக்குவது, ஹார்டு டிஸ்க்குக்கு மட்டும். விண்டோஸின் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் எது எந்த வகை என்று தெரிந்துகொண்டு ஹார்டு டிஸ்க்குக்கு டீஃப்ராக்கும் எஸ்எஸ்டிக்கு ட்ரிம்மும் (அழித்த ஃபைல்களின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிப்பது) தானாகச் செய்யும். அதை அணைக்காமல் விட்டாலே போதும்.

உறைதல் 30 நொடி அளவுக்கு நீள்கிறது, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது என்றால் அமைப்பை விட்டுவிட்டு உடல்நலத்தைப் பாருங்கள். ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் அந்த நேரத்தில் 129 அல்லது 153 என்ற எண்ணோடு எச்சரிக்கை பதிவாகியிருந்தால், டிஸ்க் பதில் சொல்லாமல் விண்டோஸ் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சி7 என்ற வரியின் எண் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் குற்றவாளி, மாற்றிப் பாருங்கள். 05, சி5 வரிகள் ஏறினால் தட்டிலேயே பழுது. கேம் கிடக்கட்டும், முதலில் முக்கியமான ஃபைல்களை வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் மாட்டிய என்விஎம்இ எஸ்எஸ்டி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதும் உண்டு. அதன் வெப்பநிலையும் இதே மென்பொருளில் தெரியும்.

எஸ்எஸ்டி வாங்க இப்போது வழியில்லாதவர்கள் டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி குறைக்கலாம். டிஸ்க்கிலிருந்து வர வேண்டிய அளவு குறையும். சைபர்பங்க் 2077, பால்டர்ஸ் கேட் 3 போன்ற சில கேம்களின் செட்டிங்கில் மெதுவான ஹார்டு டிஸ்க்குக்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. அதை இயக்குங்கள். விளையாடும்போது மற்ற எல்லாவற்றையும் மூடிவைப்பது ஹார்டு டிஸ்க்கில் எஸ்எஸ்டியைவிடப் பல மடங்கு பலன் தரும்.

விண்டோஸை அப்படியே புது எஸ்எஸ்டிக்கு நகல் எடுத்து மாற்றியவர்கள், பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) பூட் வரிசையைச் சரிபார்க்க மறக்க வேண்டாம். கணினி பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்தே தொடங்கிக்கொண்டிருக்கும், எஸ்எஸ்டி சும்மா உட்கார்ந்திருக்கும். எது மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ரீஸ்டார்ட் செய்து, அதே பாதையில் ஓடி, ஃபிரேம் டைம் கோட்டைப் பாருங்கள். ஊசிகள் இன்னும் எழும்புகின்றன, டிஸ்க்கின் ஆக்டிவ் டைமோ தரையில் கிடக்கிறது என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டின் மெமரியும்.